பெடலை விடாத டெய்லரம்மா

மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் டெய்லரம்மாவின் கடை. ஒரு தையல் இயந்திரம், துணி வெட்டும் மேசை, சுவரெங்கும் தொங்கும் பள்ளிச் சீருடைகள். இவற்றுக்கு நடுவே அமர்ந்து, பாதி ஆயுளாக அவர் வெறுங்காலால் பெடலை மிதித்து வந்தார். மோட்டார் பொருத்தச் சொன்னவர்களை, "அது ஓடுற வேகத்துக்கு நானும் ஓடணுமா?" என்று கேட்டே அனுப்பிவிடுவார்.

சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகளுக்குப் பின், அவருடைய வலது கால் பெருவிரலின் அடியில் புண் வந்தது. வலியே இல்லை. தரையில் ஈரக் கறையைக் கண்ட கணவர்தாம் அதை முதலில் கண்டுபிடித்தார். பாதத்தில் பாரம் விழாதிருக்க முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். மழைக்காலம் முழுவதும் மருத்துவமனைக்கு அலைந்த பிறகே புண் ஆறியது. கட்டுப் போடும் நர்ஸ், அவர் பாதத்துக்கென்றே செய்த காலணியைக் கொடுத்தார்.

"ஆறிடுச்சும்மா. ஆனா இது திரும்பி வர்ற புண். வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்காதீங்க."

டெய்லரம்மா அந்தச் சொல்லைத் தட்டவில்லை. நடக்கும்போதெல்லாம் காலணியோடு இருந்தார். இயந்திரத்தின் முன் அமர்ந்ததும் கழற்றி ஓரமாக வைத்தார். உட்கார்ந்திருப்பவர் நடப்பதில்லையே! இரும்புப் பெடல் அழுத்திய அதே இடத்தில் புண் மீண்டும் வாய் திறந்தது.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் கொதித்துப் போனார்.

"உன் காலைவிட இந்த இரும்பு உசத்தியா? ஞாயித்துக்கிழமை மிஷினை எடுக்க ஆள் வருது. பேசி முடிச்சாச்சு."

"யார் மிஷினை யாருங்க பேசி முடிச்சது? உங்க பஸ்ஸை நான் வித்தேனா?"

"பஸ் என்னோடது இல்லடி!"

"மிஷின் என்னோடது. அதைத்தான் சொல்றேன்."

மருத்துவமனையிலும் டெய்லரம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "செருப்புக் காலோட மிதிச்சா தையல் கோணிடும், சிஸ்டர். பெடல் எங்கே இருக்குன்னு என் பாதத்துக்குத்தான் தெரியும்," என்றார்.

நர்ஸ் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க. பாதத்துல தொட்டதும் சொல்லுங்க."

டெய்லரம்மா காத்திருந்தார். "ஆரம்பிங்க, சிஸ்டர்."

"தொட்டு முடிச்சுட்டேம்மா."

வீடு திரும்பியபோது, மிஷினை விற்க வேண்டாமென்று வாதாட அவருக்கு மனம் வரவில்லை. பாதத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால், இத்தனை காலம் தையலை நேராக ஓட்டியது எது?

ஞாயிற்றுக்கிழமை, மிஷின் வாங்க வந்தவர் அதை ஓட்டிப் பார்க்க அமர்ந்தார். டெய்லரம்மா முதுகைக் காட்டியபடி, காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

"எதிர்ப்பக்கமா மிதிக்கிறீங்க. நூல் அறுந்துடும்," என்றார், திரும்பாமலே.

நூல் அறுந்தது.

பட்டனும் ஊசியுமாக அவர் கைகள் அப்படியே நின்றன. பிறகு உரக்கச் சிரித்தார். "எந்திரிங்க தம்பி. மிஷின் விற்பனைக்கு இல்ல."

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றார் கணவர்.

"இவ்வளவு காலமும் நான் காதாலதான் தைச்சிருக்கேங்க. என் காதுல புண் இல்ல."

புண் ஆறும் வரை அவர் பெடலைத் தொடவில்லை. கைவேலையை மட்டும் செய்தார். ஆறிய பின், காலணியின் பட்டையை இறுக்கிக்கொண்டு மிதித்தார். முதல் சில சட்டைகள் கோணின. பிரித்துப் பிரித்துத் தைத்தார். கணவர் தினமும் மாலையில், டயர் தேய்மானம் பார்ப்பவரைப் போல, அவருடைய பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறு ஆண்டு ஒரு நாள், பாதத்தைப் பார்த்த கணவரின் முகம் வாடியது. "அதே இடம். சிவந்திருக்கு."

"தோல் பிரிஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப இந்தத் தடவை நாமதான் முந்திக்கிட்டோம். மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க."

மறுநாள் காலை, மருத்துவமனைக்குப் புறப்படும் முன் டெய்லரம்மா கடைக் கதவில் ஓர் அட்டையை மாட்டினார். "பெடல் வேலை சில நாள்களுக்கு இல்லை. கைவேலை உண்டு." அவ்வழியே வந்த பக்கத்து வீட்டுக்காரர், "கடையை மூடிட்டீங்களா டெய்லரம்மா?" என்று உச்சுக்கொட்டினார்.

"எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டு இரக்கப்படுங்க," என்று சொல்லிவிட்டு, டெய்லரம்மா ஆட்டோவில் ஏறினார்.