தபசு காலத்துச் சர்க்கரை

போன மாதம் அண்ணன் வீட்டில் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினேன். ஆமாம், கத்தினேன். பத்தியில் பதவிசாக எழுதுகிறவள் வீட்டிலும் பதவிசாகத்தான் பேசுவாள் என்று நினைத்திருந்தீர்களா? பாவம் நீங்கள்.

சங்கதி இதுதான். என் அண்ணன் சூசை ஒரு தோணித் தண்டல். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் – தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய் விரித்துச் சரக்கு கொண்டுபோகும் தோணியின் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். அவர் சொன்னால் பாய் ஏறும். அவர் சொன்னால் நங்கூரம் விழும். ஆள் அப்படி. மீசை அப்படி. தொப்பையும்... அப்படித்தான்.

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அவரையே கேட்டால், "இருந்துச்சு, போயிட்டு" என்பார். எப்படிப் போனது? வேடிக்கையே அங்கேதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை மூத்திரம் சோதிக்கப் போவார். எப்போது? தபசு காலத்தில்! ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும் எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர் ஒருசந்தி இருப்போம். ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. இறைச்சி கிடையாது, இனிப்பு கிடையாது. அண்ணன் சிகரெட்டைக்கூடத் தொட மாட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போறதும் ஒரு தபசுதானளா" என்று அதையும் அந்த நாட்களிலேயே முடித்துக்கொள்வார்.

கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டுவார். சர்க்கரை இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், மிஞ்சினால் செங்கல் நிறமாகும். இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடக்கிற மனிதருக்கு நீலம் நிற்காமல் என்ன செய்யும்? டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வருவார் அண்ணன். "பார்த்தியா, நடுக்கடல் மாதிரி நீலம்!"

ஈஸ்டர் விடிந்ததும் பிரியாணி. அப்புறம் சிகரெட். அப்புறம் மக்ரூன். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்த்து அடித்துச் செய்கிற எங்கள் ஊர் மக்ரூனை ஒன்றோடு நிறுத்தியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த வருஷமும் அப்படியே நடந்தது. ஈஸ்டர் கழிந்த வாரம் அண்ணன் துறைமுகத்திலிருந்து வீட்டுக்குள் வந்தார். நானும் அங்கே இருந்தேன். மதினி பிலோமினா தரையைப் பார்த்து அலறினாள். சிமெண்டுத் தரையெங்கும் ரத்தக் கால்தடம். அண்ணனுடைய உள்ளங்காலில் ஒரு துருப்பிடித்த ஆணி, கொண்டை மட்டும் வெளியே தெரிய ஏறியிருக்கிறது. அதோடுதான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்!

"வலிக்கலையா அண்ணே?"

"இல்லளா. இரும்புக் காலு."

என்ன பெருமை பாருங்கள்! நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஞானசீலன் எங்கள் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர். அதட்டாமல் பேசுகிறவர். ஆணியை எடுத்து, ஊசி போட்டு, கட்டுப்போட்ட கையோடு மூத்திரத்தையும் சோதிக்கச் சொன்னார். குழாய் செங்கலாகிவிட்டது. அண்ணன் கம்பவுண்டரை முறைத்தார், மருந்தில் ஏதோ கோளாறு என்பது போல.

டாக்டர் பிரஷர் பார்த்தார். அதிகம். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். பிறகு விசாரணை.

"மாடிப்படி ஏறினா எப்படி இருக்கு?"

"கொஞ்சம் இளைக்கும். வயசாகுதுல்லா."

"அப்பா எப்படித் தவறினாங்க?"

"தூக்கத்துலயே போயிட்டாரு. புண்ணியச் சாவு டாக்டர். அவரும் சர்க்கரைக்காரர்தான்."

"அப்போ அவங்களுக்கு என்ன வயசு?"

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். "இப்போ... என் வயசு இருக்கும்."

அப்பா செத்த வயசை அண்ணன் எட்டிவிட்டார் என்பது அந்த நிமிஷம் வரை எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

"அண்ணாச்சி, ஈ.சி.ஜி.யில இன்னைக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

"பார்த்தியாளா!"

"முழுசாக் கேளுங்க. சர்க்கரை, பிரஷர், சிகரெட், தொப்பை, அப்பா போன விதம்... எல்லாம் ஒரே ஆள்கிட்ட வந்து கூடியிருக்கு. உங்களுக்கு ஹார்ட் அட்டாக் வர ரொம்ப வாய்ப்பு இருக்கு. என்னைக்குன்னு சொல்ல எனக்குத் தெரியாது."

"ஒரு நாளும் எனக்கு நெஞ்சு வலிச்சதில்லையே?"

"ஆணி வலிச்சுதா?"

அண்ணன் கட்டுப்போட்ட காலைக் குனிந்து பார்த்தார்.

"சர்க்கரை நரம்பைக் கெடுத்திருக்கு, அண்ணாச்சி. கால் சொல்லாத மாதிரி நெஞ்சும் சொல்லாமப் போகலாம். வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க. இந்தப் பயணம் வேண்டாம். கடல்ல உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எப்படி வர?"

வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரம் தோணி புறப்பட வேண்டும், சரக்கு ஏற்றியாகிவிட்டது. இவர் போகாவிட்டால் இவர் இடத்தில் வேறொரு தண்டல் நிற்பார். அண்ணனுக்கு அதைவிட அவமானம் உண்டா? "வலி வந்தா பார்த்துக்கிடலாம். நான் போறேன்" என்று எழுந்துவிட்டார்.

மதினியாவது தடுப்பாள் என்று பார்த்தால், அவள் சிலுவை போட்டுக்கொண்டு டாக்டரை ஏசுகிறாள்! "நல்லா இருக்க மனுசனப் பார்த்து இப்படியா அச்சானியமாப் பேசுவாரு? வாயில வந்தது பலிச்சிரும். இனி அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது."

அங்கேதான் கதவைச் சாத்தினேன்.

அச்சானியம்! அபசகுனம் என்கிற இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேரைக் குழிக்குள் அனுப்பியிருக்கிறோம்? வாயால் சொன்னால் வந்துவிடுமாம். சொல்லாவிட்டால் வராதா? எங்கள் அப்பாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே... அவர் ஏன் போனார்? புண்ணியச் சாவு என்று பெயர் வைத்துவிட்டால் சாவு சாவில்லாமல் போய்விடுமா?

"அண்ணே, இங்க பாரு" என்று கத்தினேன். "போன மழைக்காலத்துல துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துனாங்கல்லா? அப்போ வானத்துல மேகம் இருந்துச்சா?"

"இல்ல."

"நீ என்ன செஞ்ச?"

"தோணியக் கட்டிப்போட்டேன்."

"புயல் வந்துச்சா?"

"வடக்க போயிட்டு."

"கூண்டு ஏத்துனவன அச்சானியம் புடிச்சவன்னு ஏசுனியா? வெறும் வானத்தக் காட்டி, கடலுக்குப் போறேன்னு நின்னியா?"

அண்ணன் கையை மீசைக்குக் கொண்டுபோனார், முறுக்கவில்லை.

"டாக்டரும் கூண்டுதான் ஏத்தியிருக்காரு. தோணிக்குன்னா கட்டுவ, உன் உசுருக்குன்னா கட்ட மாட்டியோ? அப்பாவை ஒரு தடவை சுமந்தாச்சு. உன்னையும் சுமக்க என்னால ஆகாது!"

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அழுதுகொண்டே முறைத்தேன். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார். "அந்த டாக்டர் என்ன பெரிய இவனா? சூசைக்கு இப்படி வரும்னு அவன் சொல்லுதான். கரையிலயே இருந்து, மாத்திரையத் தின்னு, அவன் சொன்னது பொய்யின்னு நான் காட்டுதேன், பாரு!"

அப்பாடா! திமிர் அப்படியேதான் இருந்தது. ஆனால் திசை திரும்பிவிட்டது.

தோணி புறப்பட்ட அன்று அண்ணன் காலில் கட்டோடு கரையில் நின்றார். இன்னொருவர் குரலுக்குத் தன் பாய் ஏறுவதைப் பார்த்தார். கண் கலங்கியது. ஆனாலும் "போயிட்டு வா" என்று மட்டும் நான் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த சிகரெட்டுப் பெட்டியை வாங்கிக் கடலில் போட்டேன்.

இப்போது மாத்திரை ஒழுங்காகப் போகிறது. மக்ரூன் டப்பா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணனே ஒரு சட்டமும் போட்டிருக்கிறார். "இனிமே தபசு காலத்துல சோதனை கிடையாது. திருநாளுக்கு மறுநாள்தான். அன்னைக்கும் நீலமா நிக்கட்டும், அப்போ அந்த டாக்டர்ட்ட பேசிக்கிடுதேன்."

உங்கள் வீட்டிலும் ஒரு சூசை இருப்பார். "வலிக்கவே இல்லையே" என்பார். நம்பாதீர்கள். சண்டை போடுங்கள். அச்சானியம் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லி அவர்களோடும் சண்டை போடுங்கள்.

அண்ணனுடைய சபதத்தை டாக்டரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பலிச்சா ஜோசியருக்குப் பேரு. பலிக்காமப் போனாத்தானே எனக்குப் பேரு!"

அவர் வாக்கு பொய்த்துப்போக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பெரிய மெழுகுதிரியாக ஒன்று ஏற்றிவிட்டு வந்தேன்.

மெழுகுதிரி டாக்டர் வாங்கிக் கொடுத்தது – மாதாவுக்குத் திரி ஏற்றுகிற வழக்கமே இல்லாத புராட்டஸ்டன்ட்காரர்!