சும்மா இருந்த பேட்டரி

மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போடும் சிப்பில் அளவுகளைப் பதிவதுதான் வேலை. ஒரு நாள் நர்ஸ் ஒருவர் ரத்த அழுத்தக் கருவியோடு வந்து நின்றார்.

“எண்பது சதவீதம்னு காட்டுது, ஆன் பண்ணதுமே அணைஞ்சு போகுதும்மா. ஒரு மாசமா அலமாரியிலதான் இருந்துச்சு.”

“சும்மா இருந்தது எப்படிங்க தீரும்?” என்று வெடித்தாள்.

சிப்பின் பதிவுகளைக் கணினியில் பார்த்ததும் பட்டாசு நமுத்துப் போனது. நிக்கல் பேட்டரி சும்மா கிடந்தாலும் தினமும் கொஞ்சம் இறங்கும். அந்த தினசரி இறக்கத்தைக் குறிக்கும் இடத்தில், லித்தியம் பேட்டரிக்குப் போட்ட துளியூண்டு அளவை அவளே மாற்றாமல் விட்டிருந்தாள். நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருத்தினாள்.

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது, வேலை போய் நாலு மாதமான கணவர் சோபாவில் சாய்ந்திருந்தார்.

“ரொம்பக் களைப்பா இருக்கு.”

“சும்மாதானே இருந்தீங்க?” என்பதுதான் இதற்கு அவளுடைய தினசரி பதில். இன்று செருப்பைக் கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சும்மா இருந்தா களைப்பாத்தான் இருக்கும்” என்றாள்.

கிண்டல் செய்கிறாளோ என்று அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.