கராம்பைத் தாண்டி

மாத்தளை வீதியில் நாலந்தாவுக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில் எங்கள் பஸ் நிற்கிறது. எஞ்சினை அணைக்காமலே சாரதி பிளேன்டி குடிக்க இறங்குகிறார். கரும்புகை வீதியோரம் காயும் கராம்பின் பக்கம் போகிறது. கராம்பு காயவைக்கும் அக்கா எழுந்து வருகிறார்.

“தம்பி, எஞ்சின நிப்பாட்டுங்க. டீசல் வாடை அடிச்சா, கராம்பு வாங்குற மாத்தளை முதலாளி இதத் தொடவும் மாட்டாரு.”

“நிப்பாட்டுனா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுக்கா. தள்ளணும்.”

“தள்ளுவாங்க. இத்தன பேரு சும்மாதானே குந்தியிருக்காங்க!”

பஸ்ஸே சிரிக்கிறது. சாரதி எஞ்சினை அணைக்கிறார்.

தேநீர் முடிந்ததும் முதல் ஆளாக நான் இறங்குகிறேன். நாலு பேர் முன் பேசத்தான் எனக்குக் கூச்சம், தள்ளுவதற்கு இல்லை. மற்றவர்களும் இறங்கி வருகிறார்கள்.

“அந்தப் பாலத்தத் தாண்டி ஸ்டார்ட் பண்ணுங்க!” என்று சொல்லி, கராம்பு விரித்திருக்கும் இடம் முடியும்வரை அக்காவும் சேர்ந்து தள்ளுகிறார். இறக்கத்தில் பஸ் சத்தமில்லாமல் உருள்கிறது.

“பாத்தீங்களாண்ணே, டீசல் இல்லாமலே ஓடுது!” என்கிறார் அக்கா என்னிடம்.

பாலத்துக்கு அப்பால் எஞ்சின் உறுமிப் புகை கக்குகிறது. ஓடி ஏறித் திரும்பிப் பார்க்கிறேன். அக்கா ஒரு பிடி கராம்பை அள்ளி முகர்கிறார். பிறகு, போங்க என்று கையை ஆட்டுகிறார்.