மாப்பிள்ளை செய்த லைட்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே உப்புத் தண்ணீர், பவளம் ஒட்டிய பாறைகள், மீன்கள். ஆளை நீட்டிப் படுக்க வைக்கலாம், அவ்வளவு நீளம். 'எங்கள் வீடு' என்று சொல்லும்போதே எனக்கு நாக்குத் தடுக்கும். அது என் மாமியார் வீடு. பிள்ளைப்பாக்கத்தில் நிலம் விற்ற பணத்தில் மாமனார் கட்டியது. அவர் காலமான பிறகு, வீட்டோடு மாப்பிள்ளையாக நான் வந்து சேர்ந்தேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவன் நான். ஒரே அறையில் ஐந்தாறு பேரோடு பாய் விரித்துக் கிடந்தவனுக்கு மாடி வீடும் வேளைக்குச் சோறும் கசக்குமா? கசக்கவில்லைதான். ஆனால் ஊரிலிருந்து போன் செய்யும் அம்மா, "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தாம்ல" என்று ஒரு குத்துக் குத்தாமல் வைக்கமாட்டாள். அந்த வீட்டில் நான் அடித்த ஆணி என்று ஒன்றுகூடக் கிடையாது. மின்விசிறி ஓடவில்லை என்றால்கூட அத்தை எனக்குச் சொல்லாமல் ஆள் வைத்துச் சரிசெய்துவிடுவார். மரியாதையாம். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

தொட்டியை வாங்கி வைத்தது மச்சினன். ஆசை தீரப் பார்த்துவிட்டு, வெளிநாட்டு வேலை கிடைத்ததும் விமானம் ஏறிவிட்டான். விற்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். அத்தை விற்கவில்லை. மகன் போனில் சொல்லச் சொல்ல, உப்புக் கலக்கவும் தண்ணீர் மாற்றவும் கற்றுக்கொண்டார். பாறை நடுவில் ஒரு கடல் சாமந்தி உண்டு. பூ மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. பழுப்பு நிறத்தில் விரல் விரலாக ஆடும், நுனியில் இளம்பச்சை. ஆரஞ்சு மீன் ஜோடி ஒன்று அதற்குள்ளேயே குடியிருந்தது. அத்தை அதை 'பூ' என்றுதான் சொல்வார். இறால் துண்டை இடுக்கியில் பிடித்து அதற்கு ஊட்டிவிட்டுத்தான் தன் காபியைத் தொடுவார். மகனோடு பேசும்போது முதலில் பூவைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

தொட்டிமேல் இருந்த பழைய லைட் பாதி அணைந்துபோனபோது அத்தை புதிது வாங்கக் கடைக்குச் சொல்லப் போனார். நான் விடவில்லை. "எதுக்கு அத்தை கடை? நான் இருக்கேம்லா?" என்றேன். கார் ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவன் நான். எல்.இ.டி. எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் என் கைப்பட ஒரு பொருள் வேண்டும் என்று வெறி. அதுவும் கூடத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில்.

ஸ்ரீபெரும்புதூர் காயலான் கடையில் அலுமினியப் பட்டைகள் பொறுக்கினேன். நீல எல்.இ.டி.களும் வெள்ளை எல்.இ.டி.களும் தனித்தனி வரிசையாக வைத்து, சூடு இறங்கப் பசை தடவி, ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். மேலே சின்ன விசிறிகள். தண்ணீர் தெறிக்காமல் கீழே அக்ரிலிக் தகடு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். வேலை சுத்தம், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. புத்திதான் கோணல்.

கம்பெனியில் எங்கள் லைனில் ஒரு பழக்கம். புது விளக்கு வந்தால் முதலில் முழுச் சக்தியில் எரியவிடுவோம். தாங்கினால் பாஸ். அப்புறம் வெளிச்சத்தை அளக்க லக்ஸ் மீட்டரை வைப்போம். ரீடிங் வந்தால் பாஸ். இதே பழக்கத்தைக் கூடத்துக்கும் கொண்டுவந்தேன். மீட்டரைத் தொட்டியின் மேல் பிடித்தால் நான் நினைத்த ரீடிங் வரவில்லை. நீலம் போதவில்லை என்று இன்னொரு வரிசை நீலம் சேர்த்தேன். குமிழைக் கடைசிவரை திருகினேன். லக்ஸ் மீட்டர் மனிதக் கண் பார்க்கிற மாதிரிதான் பார்க்கும், அடர் நீலம் அதற்குச் சரியாகத் தெரியாது. இது எனக்குத் தெரியாத சங்கதியா? தொழிலே அதுதான். ஆனால் ரீடிங் ஏற ஏற எனக்குச் சந்தோஷம் ஏறியது. தண்ணீருக்குள் இருப்பது விளக்கு இல்லை, உயிர் என்பது உறைக்கவில்லை.

அன்றைக்கு அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்தார். "கண்ணு கூசுது" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எதிரே வருகிறவன் கண் கூசினால் ஹெட்லைட்டைத் தூக்கி ஓரம் வைக்கிற ஆள் நான். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நீங்களே சொல்லுங்கள், இவனையெல்லாம் என்ன செய்வது?

அத்தை என்னிடம் நேராக எதையும் மறுத்துப் பேசமாட்டார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் நாற்காலியில் உட்காரமாட்டார். சொல்ல வேண்டியது எதுவானாலும் மகள் வழியாகத்தான் வரும். சில நாள் கழித்து மனைவி வந்து, "பூ வெளுக்குற மாதிரி கீதுன்னு அம்மா சொல்லுது" என்றாள். வெளிச்சம் நன்றாக விழுந்தால் உண்மையான நிறம் தெரியும், இத்தனை நாள் இருட்டில் பார்த்திருக்கிறீர்கள், போய்ச் சொல் என்றேன். அவள் போய்ச் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஒருநாள் லைன் நின்றுபோய் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்தால், கூடம் மங்கலாக இருந்தது. தொட்டிக்கும் லைட்டுக்கும் நடுவில் அத்தையின் பழைய பருத்திப் புடவை ஒன்று மடித்து விரித்திருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். துணியில் சூடு பிடித்தால் வீடே பற்றிக்கொள்ளும், யார் பார்த்த வேலை இது என்று கத்தினேன். அத்தையிடம் கத்த முடியாதே, அதனால் மனைவியிடம் கத்தினேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை வந்து புடவையை எடுத்துக்கொண்டார்.

"துணி காயப்போட்டேன் மாப்ள. எடுக்க மறந்துட்டேன்" என்றார்.

நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, இனிமேல் இப்படிச் செய்யவேண்டாம் என்று மனைவியிடம் சொல்வதுபோல அவருக்கும் கேட்கும்படி சொன்னேன். அடுத்த சில வாரங்களில் பூ சுருங்கியது. நிறம் முழுக்கப் போய், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக நின்றது. எனக்கு உள்ளுக்குள் லேசாக இடித்தது. ஆனால் அதற்குள் லைட்டைப் பற்றிக் கம்பெனி முழுக்கத் தம்பட்டம் அடித்து, லைன் ஆட்களை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்திருந்தேன். இந்த நேரத்தில் குமிழைக் குறைத்தால் லைட் எடுபடாது என்று விட்டுவிட்டேன்.

வந்தார்கள். அத்தை விடியலிலேயே எழுந்து கறிக்குழம்பும் வடையுமாக அடுப்படியில் வெந்துகொண்டிருந்தார். எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். எங்கள் லைன் இன்சார்ஜ் இந்தப் பக்கத்துக்காரர், கலகலப்பான மனிதர். அந்த வெள்ளைப் பூவைக் காட்டி, மல்லிப்பூவைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். நான் சும்மா தலையாட்டினேன். அடுத்து அவர் அத்தையிடம் திரும்பி, இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். "எல்லாம் மாப்ள கைவேல" என்றார் அத்தை.

இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். இன்சார்ஜுக்கு என்மேல் பிரியம் பொங்கிவிட்டது. அவருடைய சகலை தண்டலத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார், இந்த லைட்டைக் காட்டினால் உனக்கு ஆர்டர் குவியும் என்று அங்கேயே வீடியோ கால் போட்டார். எழுந்து போய் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"கொஞ்சம் கிட்ட காட்டு," என்றது அந்தக் குரல். "இது வெள்ளக் கலர் இல்லப்பா. வெளுத்துப் போய்க்கீது. அதுக்கு சோறு போடுறதே அது ஒடம்புக்குள்ள கீற பாசிதான். லைட்டு ஓவரா வுட்டா அதத் துப்பிடும். பட்டினி கெடக்குது, இப்டியே வுட்டா தங்காது. யார் செட்டிங் வெச்சது?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சமையலறை வாசலில் ரசப் பாத்திரத்தோடு நின்ற அத்தைதான் பேசினார்.

"மாப்ள கொறச்சிதான் வெச்சிருந்தாரு. நான்தான் புரியாம திருகி வுட்டுட்டேன்."

'இல்லை, நான்தான்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாய்வரை வந்தது. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அந்தச் சங்கடத்தைக் கலைக்க இன்சார்ஜ் ஏதோ சொன்னார், வயதானவர்கள் கையில் குமிழைக் கொடுத்தால் இப்படித்தான் என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை எனக்கு ரசம் ஊற்றினார்.

அவர்கள் போன பிறகு குமிழைக் குறைத்தேன். மனைவி பின்னால் வந்து நின்றாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

"நமக்கு அவ்ளோ பெரிய மாடி கீது," என்றாள். "அம்மா என்னைக்கு வூட்டுக்குள்ள துணி காயப் போட்டுது?"

நான் காலையில் பஸ் ஏறியதும் புடவையைப் போடுவதும், பஸ் திரும்பும் நேரத்துக்கு முன்னால் எடுத்துவிடுவதும் எத்தனையோ நாள் நடந்திருக்கிறது. நான் கத்திய அன்றோடு அதுவும் நின்றுபோயிற்று. பூ அதுவரை எதனால் பிழைத்துக் கிடந்தது, அதற்குப் பிறகு ஏன் அவ்வளவு வேகமாக வெளுத்தது என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ச்சீ என்று ஆகிவிட்டது.

மறுநாள் அத்தையிடம் போய் நின்றேன். நேற்று நான் பேசியிருக்கவேண்டும் என்று எப்படியோ சொல்லிமுடித்தேன். அவர் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "அத வுடுங்க மாப்ள. நாலு பேர் எதுர்ல உங்க மொகம் சுண்டக்கூடாது இல்ல?" என்றார். மன்னித்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் கணக்கில் மன்னிக்க எதுவுமே இல்லை.

தண்டலத்துக் கடைக்காரர் சொன்னபடி வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, இறாலைப் பொடியாக நறுக்கி அத்தை ஊட்டினார். பூ சாகவில்லை. ஆனால் முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. அடியில் மட்டும் லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறது. மீன் ஜோடி உள்ளே நுழையப் பார்த்து, இடம் போதாமல் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது.

ஒருநாள் பஸ்ஸில் இன்சார்ஜ், "இன்னா, மாமியாரு இன்னும் குமிழத் திருகுறாங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கூட்டி வைத்தது நான்தான், அத்தை என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்று. இன்சார்ஜ் என் முதுகில் தட்டினார். "மாமியார வுட்டுக் குடுக்க மாட்டியே நீ. மாப்ளன்னா இப்டி இருக்கணும்டா" என்று எல்லாருக்கும் என்னைக் காட்டினார். அதற்குமேல் நான் எதைச் சொல்லி நம்பவைக்க? உண்மையைச் சொன்னதற்கும் எனக்கே நல்ல பெயர்.

அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. அத்தை அந்தப் பழைய புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

"மாப்ள, வெயில் நேரா அடிக்குது," என்றார். "இதப் போட்டுக்கட்டுமா?"

அவருடைய வீடு. அவருடைய பூ. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். புடவையின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு, "போடுங்க அத்தை" என்றேன்.