அன்ரன் சேரின் சுழல்கதிரை

அன்ரன் சேர் போய்விட்டார். விடிய சங்கு குளிக்கப் போனவரை மத்தியானம்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்...

எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர். சனி, ஞாயிறில் அப்பாவின் தொழிலுக்குக் கடலில் இறங்குவார்.

தகரக் கொட்டகையில் அவர் வகுப்புக்கும் என் கணக்கு வகுப்புக்கும் நடுவில் மறைப்பாகத் தொங்கும் ஒரு தறப்பாள்தான். அவர் கத்துவது என் பிள்ளைகளுக்கும் பாடம்.

மீள்குடியேறிய புதிதில் யாரோ தந்த ஒரு சுழல்கதிரை. பள்ளிக்கூட அதிபர் ஆசையாக உட்காருவதற்கு முன்பே சேர் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தல், கையை நீட்டியபடி சுழன்றார். புதிதாகப் பிறந்த நட்சத்திரம் சுருங்கச் சுருங்க வேகமாகச் சுற்ற வேண்டும். ஆனால் அதைச் சுற்றிக் கிடக்கும் வாயுவும் தூசியும் சேர்ந்த தட்டு, காந்தப்புலத்தால் அதைப் பிடித்து வைத்திருக்குமாம்.

பிள்ளைகள்தான் தட்டு. வட்டமாக நின்று கதிரையை லேசாகத் தடவிப் பிடித்தார்கள். சேர் கையைப் பாதி மடக்கினார்... வேகம் கூடவில்லை.

"இப்ப கையை எடுங்கோ" என்றார். மிச்சத்தையும் மடக்கினார்.

அம்மாடி... அந்தச் சுழற்சி! கதிரையோடு விழுந்து நெற்றி வெடித்தது. நல்லா ஏசினேன். இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "தட்டு கலைஞ்சா இப்பிடித்தான் டீச்சர்" என்று சிரித்தார்.

எங்கள் கரையில், சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடிக்க மச்சானிடம்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்?

போன மாதம் சேரின் மச்சான் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு சேர் ஒரு மாதிரி. மோட்டார் சைக்கிளில் வேகம் கூடியது. கடலில் ஆழம் கூடியது. ஏன் இப்படி என்று கேட்டால், பிடிக்க ஆளில்லாவிட்டால் சுகம்தானே என்பார்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விடும்போது வந்து நின்றார்.

"டீச்சர், நாளைக்குக் கயிறு பிடிக்க உங்கட அவரை ஒருக்கா அனுப்புவீங்களோ?"

வீட்டுத்திட்ட வீட்டுக்குச் சுவர் கட்ட மேசன் வருவார், ஏலாது என்றேன். என் அவரிடம் கேட்கவே இல்லை. சேர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நெற்றியில் அந்தத் தழும்பு...

இன்று மேசன் வரவும் இல்லை.

கயிறு படகிலேயே கிடந்ததாம். சுற்றி வைத்தபடி, நனையாமல்.

நாங்கள் கையை எடுத்துவிட்டோம் சேர். மன்னித்துக்கொள்ளுங்கோ.