வெள்ளிக்கிழமை கழுவாத வீடு

நிரஞ்சினி பொரித்த மட்டன் ரோல்ஸில் மூன்றைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு போய், அவளுடைய வீட்டுக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்று எழுதிய மனிதன் ஒருவன் மெல்பேர்னில் இருக்கிறான். இன்றைக்கும் நல்ல சுகமாகத்தான் இருப்பான். எனக்கு இன்சூரன்ஸ் சட்டம் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். ஆனால் மறுக்கத்தான் போகிறான் என்றால் முதலாவது ரோல்ஸோடு நிறுத்தியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

நான் ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறேன். வெண்டிக்காயை முறித்துப் பார்க்க வருகிற சனம் ஆட்களையும் முறித்துப் போட்டுவிட்டுத்தான் போகும். நிரஞ்சினியின் கதையும் வெண்டிக்காய்க் குவியலுக்கு மேலால்தான் எனக்கு முதலில் வந்தது. கொண்டுவந்தவர் அவளுடைய மச்சாள், அதாவது புருஷனின் அக்கா, சிவமணி. அவருக்குக் கிளென் வேவர்லியில் கல்வீடு. நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் இருக்கிறது என்று வாங்கிய வீடு. பிள்ளைகள் படித்து முடித்துக் கலியாணமும் கட்டிவிட்டார்கள். அக்கா இன்னும் அந்த எல்லையை விட்டு வெளியே வரவில்லை.

நிரஞ்சினியும் புருஷன் தருமராசாவும் படகில் வந்தவர்கள். பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் இருந்தார்கள். அந்த விசாவைக் காட்டினால் வங்கிக்காரன் கதிரையைக்கூடக் காட்டமாட்டான். தருமராசா பாண் சுடும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடினார். நிரஞ்சினி ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைக் கழுவும் பெரிய லோண்டரியில் வேலை. காலை முதல் மாலை வரை நீராவியும் ஈரமும். அவளுடைய விரல் நுனிகள் எப்போதும் ஊறப்போட்ட உழுந்து மாதிரி வெளுத்திருக்கும்.

சேர்த்த காசில் அவர்கள் வாங்கியது, டண்டினோங்குக்கு அங்கால், ஐம்பது தாண்டியவர்களுக்கென்று இருக்கும் ஒரு பார்க்கில் ஒரு வீடு. தொழிற்சாலையில் செய்து, இரண்டு துண்டாக லொறியில் ஏற்றிவந்து, இரும்புக் கால்களின் மேல் வைத்துப் பொருத்துகிற வீடு. நிலம் பார்க் முதலாளியுடையது. அதற்கு வாடகை கட்டவேண்டும். வீடு மட்டும் இவர்களுடையது. தரை, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. மேலே மெல்லிய விரிப்பு. கடன் இல்லாமல், யாருடைய கையையும் பார்க்காமல் வாங்கியது.

சிவமணி அக்கா அதை ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை.

“தம்பி பாவம், கரவன் பார்க்கிலதான் இருக்கிறான்” என்பார் என்னிடம், கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

“கரவனுக்குச் சில்லு இருக்கும் அக்கா, காருக்குப் பின்னால இழுக்க. அதுக்கு இல்லையே.”

“சில்லு இல்லாட்டி வீடாயிடுமோ? வெள்ளிக்கிழமையில வாளித் தண்ணி ஊத்திக் கழுவேலாத தரை என்ன தரை?”

இந்த வாளிதான் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் நின்றது. வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறவள்தான் குடும்பப்பெண் என்பது அக்காவின் சட்டம். ஆகவே நிரஞ்சினியும் நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பொய்யைக் காப்பாற்றி வந்தாள். “நானும் வெள்ளிக்குவெள்ளி கழுவித்தான் விளக்கு வைக்கிறனான் மச்சாள்.” உண்மையில் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு லோண்டரியில் இரட்டை வேலை. வீட்டுக்கு வந்து ஈரத்துணியைப் பிழிந்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் ஒரு இழுவை இழுப்பாள். நாள் முழுக்க ஊரானுடைய சீலையைக் கழுவுகிறவள் பிறகு தரையையும் கழுவவேண்டுமோ? நான் என்றால் துணியைப் பிழியவும் மாட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மகள் தர்ஷனா சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு என்று இரண்டு பேரும் போனார்கள். திரும்பிவந்து கதவைத் திறந்தால், குசினி தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரிக் கிடக்கிறது. சிங்க்குக்குக் கீழே இருந்த வளைகிற குழாய், வெளியே வெள்ளிக்கம்பி பின்னியிருக்குமே, அது வெடித்துவிட்டது. ஆள் இல்லாத வீட்டில் தண்ணீர் தன்பாட்டில் ஓடியிருக்கிறது. பலகை ஊதி, விரிப்பு கிளம்பி, தருமராசாவின் கால் ஒரு இடத்தில் முழங்கால் வரைக்கும் கீழே போனது.

“பயப்பிடாதையும்” என்றாராம் அவர், காலை இழுத்துக்கொண்டே. “இன்சூரன்ஸ் இருக்கு. குழாய் வெடிச்சாக் குடுப்பாங்கள்.”

அது சரிதான். திடீரென்று குழாய் வெடித்தால் கொடுப்பார்கள். ஆனால் மெல்ல மெல்ல, நாள்பட்டு ஈரத்தில் பழுதாய்ப்போனால் கொடுக்கமாட்டார்கள். எல்லா ஒப்பந்தத்திலும் இந்த இரண்டாவது வரி முதலாவது வரிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு நிற்கும்.

சேதம் பார்க்க ஆள் வந்தான். சிரித்த முகம், புதுச் சப்பாத்து. தருமராசா வேலையில். சிவமணி அக்கா மட்டும் தம்பி வீட்டுக்கு வந்த அழிவைப் பார்க்க நேரத்துக்கே வந்து, ஹோலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நிரஞ்சினி ரோல்ஸ் வைத்தாள், தேத்தண்ணீர் வைத்தாள். அவன் வெடித்த குழாயைப் படம் எடுத்தான். பலகையைச் சப்பாத்து நுனியால் தட்டினான். ரோல்ஸைக் கடித்தான். பிறகு ஊர்க்கதை மாதிரி ஒரு கேள்வி.

“வீடு நல்ல துப்புரவாக இருக்கிறதே. தரையை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்?”

ஹோலில் அக்காவின் கதிரை கிறீச்சிட்டது. அக்கா முன்னுக்குச் சரிந்தார்.

நிரஞ்சினி என்ன செய்வாள்? வெள்ளைக்காரனுக்கு உண்மை சொன்னால் மச்சாளுக்கும் கேட்கும்.

“எவ்ரி ஃப்ரைடே” என்றாள். “ஃபுல் வோட்டர். ஃபுல் வாஷ்.” கையால் வாளியைக் கவிழ்த்தும் காட்டினாள்.

“பியூட்டிஃபுல்” என்று சொல்லி அவன் மூன்றாவது ரோல்ஸை எடுத்தான்.

பதில் வந்தது. குழாய் வெடித்தது உண்மைதானாம். ஆனால் வீட்டுக்காரி கிழமைக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவியதால் பலகை முந்தியே உக்கிப்போயிருந்ததாம். நாள்பட்ட பழுது. கொடுக்கமுடியாது.

தருமராசா சாதுவான மனிதர். அன்றைக்கு அவர் கத்தியது மூன்றாவது வீட்டுக் கிரேக்கக் கிழவருக்கும் கேட்டதாம்.

“உன்னை ஆரடி கழுவிறனெண்டு சொல்லச் சொன்னது? நீ எந்தக் காலத்தில கழுவினனீ?”

“உங்கட அக்கா இருந்தவ.”

“அக்கா இருந்தா?”

“அக்கா இருந்தா நான் வேற என்னத்தைச் சொல்ல? பதினொரு வருசமா அவவுக்குச் சொன்னதைத்தானே அவனுக்கும் சொன்னனான்!”

சிட்னியிலிருந்து மகள் போனில், “அம்மா, வை வுட் யூ ஈவன் சே தட்?” என்று கேட்டாளாம். அதற்கும் அதே பதில்தான். “உன்ர மாமி இருந்தவ.”

அந்தக் கிழமையே கதை கோயிலுக்கும் போய், அங்கிருந்து என்னுடைய கடைக்கும் வந்துவிட்டது. வாயால் வீட்டை விழுத்தினவள் என்று பேர். இதற்குள் பார்க் மனேஜர் வேறு வந்து, தரையைத் திருத்தாவிட்டால் பாதுகாப்பில்லாத வீட்டை அங்கே வைத்திருக்கமுடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். திருத்தக் காசில்லை. தூக்கிக்கொண்டு போக நிலமில்லை. இந்தப் பெரிய நாட்டில் அவர்களுடையது என்று இருந்தது இரும்புக் காலில் நின்ற அந்த ஒன்றுதான்.

நான் தருமராசாவுக்குச் சொன்னேன், “அண்ணை, இன்னொரு ஆளை அனுப்பிப் பாருங்கோ எண்டு முறைப்பாடு போடுங்கோ.”

“வேண்டாம் தம்பி. முறைப்பாடு போட்டா எங்கயாவது பதிஞ்சு வைப்பாங்கள்.”

அவரோடு கோபப்பட்டு என்ன செய்வது? விசா வரும்வரைக்கும் வாயை மூடிப் பழகிய மனிதர். இப்போது நிரந்தர விசா பெட்டிக்குள் இருக்கிறது. பயம் மட்டும் வெளியே இருக்கிறது.

முறைப்பாட்டை நிரஞ்சினிதான் போட்டாள். லோண்டரியில் சாப்பாட்டு நேரம், மெஷின் சத்தத்துக்கு மேலால் போனில் கத்திக் கத்திப் போட்டாளாம்.

“விசாவுக்கு வாய் மூடினம். படகுக்குள்ள வாய் மூடினம். இனித் தரைக்கும் மூடோணுமோ?” என்று பிறகு என்னிடம் கேட்டாள். என்னிடம் ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் வெண்டிக்காய் நிறுக்கிறவன்.

இன்சூரன்ஸிலிருந்து இரண்டாவதாக ஒரு பெண் வந்தாள். அன்றைக்குத் தருமராசா என்னையும் வரச்சொல்லியிருந்தார். எனக்கு ஆங்கிலம் வராது, ஆனால் கதைக்கப் பயமில்லை என்பது அவருக்குத் தெரியும். சிவமணி அக்காவும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

அந்தப் பெண் உட்காரவில்லை. ரோல்ஸும் இல்லை, நிரஞ்சினி அந்த முறை அடுப்பே மூட்டவில்லை. பெண் நேராகக் கேட்டாள்: “ஒவ்வொரு வெள்ளியும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதாகச் சொல்லியிருக்கிறீர்களே?”

நிரஞ்சினி மச்சாளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். புருஷன் நிலத்தைப் பார்த்தார், பார்க்கிறதற்கு அங்கே நிலமும் ஒழுங்காக இல்லை.

“நோ வாஷ்” என்றாள் நிரஞ்சினி. “ஐ லை.”

“ஏன் பொய் சொன்னீர்கள்?”

நிரஞ்சினி கையை நீட்டி மச்சாளைக் காட்டினாள். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணும் எங்கேயோ மருமகளாக இருந்திருக்கவேண்டும். உதட்டை மடித்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினாள். “இவர் தரை கழுவி நீங்கள் கண்டிருக்கிறீர்களா?”

 குடும்ப மானம் என்று அக்கா ஒரு ‘யெஸ்’ சொன்னால் வீடு போச்சு. ஆனால் சிவமணி அக்கா எழும்பின விதத்தைப் பார்க்கவேண்டும். பதினொரு வருடமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மனிசி.

“நெவர்!” என்றார். “வன் டே ஆல்சோ நோ! கம், மேடம், கம். ஐ ஷோ.”

ஹோல் பக்கத்துக்கு வெள்ளத் தண்ணீர் வந்திருக்கவில்லை. அக்கா அங்கேயிருந்த சோஃபாவைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். பின்னால் தூசி விரல் தடிப்பில். அதற்குள் காய்ந்த கறிவேப்பிலை, காதிலிருந்து கழன்ற ஒரு தோட்டு மரை, போன தீபாவளி முறுக்கின் ஒரு வளைவு, உடையாமல்.

“தண்ணி பட்ட இடத்தில முறுக்கு உப்பிடிக் கிடக்குமோ? கேள் தம்பி மேடத்திட்ட!” என்றார் என்னிடம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முறுக்கின் உலர்ந்த நிலையை விளங்கப்படுத்தினேன்.

பெண் முழங்காலில் இருந்து தூசியைப் படம் எடுத்தாள். முறுக்கையும் எடுத்தாள். அக்கா வெற்றிச் சிரிப்போடு நிரஞ்சினியைத் திரும்பிப் பார்த்தார். அழுதுகொண்டு நிற்பாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நிரஞ்சினி அழவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலை இழுத்தாள். “இஞ்சையும் வாங்கோ மேடம்! போட்டோ! போட்டோ!” அலுமாரியை இழுத்தாள். டீவி மேசையை இழுத்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தூசி, ஒவ்வொன்றுக்கும் கீழே காய்ந்து கட்டியான பலகை. குதிக்காலால் ஓங்கி மிதித்துக் காட்டினாள். டங் டங்கென்று கல்லு மாதிரிக் கேட்டது.

“நல்லாப் பாருங்கோ மச்சாள், நீங்களும் நல்லாப் பாருங்கோ. கழுவேல்லை. வந்த நாளில இருந்து கழுவேல்லை. நான் ஊரெல்லாத்தின்ரையும் பீச்சீலை கழுவிப்போட்டு வாறனான். இதை நான் ஏன் கழுவோணும்?”

தருமராசா, “நிரஞ்சி, காணும்” என்றார்.

“காணாது. பூசை அலுமாரி இன்னும் இருக்கு.”

அதையும் இழுத்தாள். சாமிகளுக்குப் பின்னாலும் தூசிதான்.

காசு வந்தது. மன்னிப்பு வரவில்லை. முந்தி வந்தவன் ஹோல் பலகையை ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திராது. கிழமைக்கிழமை கழுவுகிறவள் சிங்க்குக்குக் கீழே மட்டுமா கழுவுவாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாமலிருக்கத்தான் அவனுக்குச் சம்பளம். கொடுத்ததிலும் தங்கள் குணத்தைக் காட்டினார்கள். நனைந்த இடத்துக்கு மட்டும்தானாம் காசு. பழைய நிறத்தில் விரிப்பு இப்போது விற்பனையில் இல்லை. ஆகவே வீடு மண்ணிறம், குசினி சாம்பல் நிறம். வேட்டியில் ஒட்டுப் போட்டமாதிரி.

சிவமணி அக்கா கடைக்கு வருகிறார். “அவள் கழுவாதவள் எண்டு இப்ப அவுஸ்திரேலியாவிலயே படத்தோட பதிவு இருக்கு” என்று பாகற்காய் வாங்க வந்தவளிடமும் சொல்கிறார். கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறார். தம்பியின் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு யாரும் நன்றி சொல்லவில்லையாம்.

போன வெள்ளிக்கிழமை மாலை, அரிசி மூட்டை இறக்க நான் அந்த வீட்டுக்குப் போனேன். நிரஞ்சினி வேலையால் வந்து, புதுத்தரைக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, இன்னொரு கதிரையில் காலை நீட்டி, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தருமராசா விளக்கு வைக்க வந்தவர் தரையைப் பார்த்துத் தயங்கினார்.

“இண்டைக்கு வெள்ளியெல்லே. ஒருக்காத் துணியாலயெண்டாலும்…”

அவள் காலை எடுக்கவில்லை.

“உங்கட அக்காவுக்குப் போன் போடுங்கோ” என்றாள். “வாளியோட வரச்சொல்லுங்கோ.”