கேப்டன் லட்லோவின் பாலம்

வாளியில் உறைந்த பனியை உடைத்து, அந்தத் தண்ணீரிலேயே முகம் மழிக்கிறார் கேப்டன் லட்லோ. கண்ணாடி கிடையாது. ஸ்பெயினில் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே பழகிய கை, இன்னும் கீறாமல் ஓடுகிறது. பிறகு பட்டாளத்துச் சிவப்புக் கோட்டு மாட்டி, வாசலில் நின்று அன்றைய உத்தரவுகளை உரக்கப் படிப்பார். கேட்பதற்குப் பெரும்பாலும் அவருடைய கோழிகள்தான் இருக்கும்.

சண்டை ஓய்ந்ததும், மேல் கனடாவின் இந்தக் காட்டை ஊராக்கச் சொல்லி அரசாங்கம் அவரை அனுப்பியது. அவருடைய பழைய சிப்பாய்களான நாங்கள்தான் குடிகள். நிலம் பிரிப்பது, வழக்குத் தீர்ப்பது, கல்யாணம் முடித்துவைப்பது எல்லாம் அவரே. இந்த ஆற்றில் காலங்காலமாக மீன் பிடித்த மிசிசாகா பழங்குடி மக்களை வடக்கே போகச் சொன்னதும் அவரே. அன்றும் அவர் குரல் பிசிறவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். "முடியாதுங்கிற பேச்சே என் காதுல விழக் கூடாது" என்பார். இந்தக் குளிர்காலக் கடைசியில் அவர் பிடித்தது பாலத்தை. மாவு ஆலை அக்கரையில் இருக்கிறது. ஆறு உறைந்திருக்கும் வரை சறுக்குவண்டியில் போய்வரலாம். பனி உடைந்துவிட்டால் வழியில்லை; இப்போதே அது வண்டியைத் தாங்குவதில்லை. எல்லார் வீட்டிலும் மாவுப் பீப்பாய் அடி தெரிந்துவிட்டது. கேப்டன் கொம்பு ஊதச் சொல்லி, ஆண்கள் அனைவரும் கோடாரியோடு ஆற்றங்கரைக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒருவரும் போகவில்லை. நானும்தான்.

இங்கே யாரும் உத்தரவுக்கு மரம் தூக்குவதில்லை. ஒருவர் வீட்டு வேலைக்கு ஊரே கூடும். பன்றிக்கறியும் விஸ்கியும் போட்டால் போதும். இன்று நீ வந்தால் நாளை நான் வருவேன். கேப்டன் யார் வீட்டுக்கும் வந்ததில்லை. அதிகாரி மரம் தூக்குவதாவது என்பது அவர் நினைப்பு.

அவர் தனியாகவே வெட்ட ஆரம்பித்தார். விடியலிலிருந்து இருட்டும் வரை அந்த ஒற்றைக் கோடாரிச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. என் மனைவி பிரிஜெட்டுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க எல்லாரும் ரோஷம் பாத்துக்கிட்டு உக்காருங்க. புள்ளைங்களுக்கு எதைப் பிசைஞ்சு போடறது?" என்று என்னை ஏசிவிட்டு, நேரே ஆற்றங்கரைக்குப் போனாள். நான் பின்னால் போனேன்.

"ஐயா, நாளைக்கு ஃபின்டன் வீட்டுல கொட்டகை கட்ட மரம் தூக்குறாங்க. அங்க வந்து ஒரு கை குடுங்க. அப்புறம் பாலத்துக்கு ஊரே வந்து நிக்கும்" என்றாள்.

"எந்த ஃபின்டன்?"

"நீங்க கோழி திருடினான்னு சவுக்கால அடிக்க வெச்சீங்களே, அவன்தான்."

கேப்டன் மறுபடி கோடாரியை ஓங்கினார்.

மரம் தூக்கும் இடத்தில் ஃபின்டன் சொல்வதுதான் சட்டம். எங்களில் கனத்த குரல் அவனுக்கு; எல்லாரும் ஒன்றாகத் தூக்க அவன்தான் குரல் கொடுப்பான். மறுநாள் நாங்கள் முதல் கட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சிவப்புக் கோட்டு மேட்டில் தெரிந்தது.

"பரேடு பாக்க வர்றாருடா, பொத்தானப் போடுங்க" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது.

கேப்டன் கோட்டைக் கழற்றி பிரிஜெட்டிடம் கொடுத்துவிட்டு, ஃபின்டன் முன்னால் வந்து நின்றார்.

"நான் எங்க நிக்கணும்?"

ஃபின்டன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அந்தக் கோடிக்குப் போங்க. நான் சொன்னப்புறம்தான் தூக்கணும்."

கேப்டன் அந்தக் கோடிக்குப் போனார். குனிந்து கட்டைக்கு அடியில் தோளைக் கொடுத்து, ஃபின்டனின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.